பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க எந்த வழி? ஹாப்பா, டிரம், ஈரச் சாக்கு, ஆக்சிஜன் பை, ஐஸ்: ஓர் ஒப்பீடு

பண்ணைக்குட்டையில் வலை இழுப்பவர், மீன் கரையேறிய சில நிமிடங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த மீனை உயிரோடு வைத்துக்கொண்டு வாங்குபவருக்காகக் காத்திருப்பதா, உயிரோடு நகரத்துக்குக் கொண்டுபோவதா, அல்லது அங்கேயே கொன்று ஐஸில் வைப்பதா என்பதே அது. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் நன்னீர் மீன் வாங்க வருகிறவர்கள் செவுள் அசைகிறதா, வால் துள்ளுகிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்; துள்ளுகிற கெண்டைக்கு ஒரு விலை என்றால், அதே குட்டையில் அதே காலையில் பிடிபட்டுச் செத்துக் கிடக்கிற கெண்டைக்கு வேறொரு விலை. அதனால் எப்படியாவது உயிரோடு வைத்திருந்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. எங்கள் குட்டையில் மீன் வளர்த்தும், அதற்கு முன்பு கண்மாய் மீனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தும் நான் கண்டுகொண்டது, அந்த ஆசை நிறைவேறும் வழி மீனுக்கு மீன் மாறுகிறது, பயண நேரத்துக்குத் தக்கவும் மாறுகிறது என்பதுதான். எல்லா மீனையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒரே முறையில் காப்பாற்ற முயல்கிறவர் பாதி மீனை இழக்கிறார். மீதியையும் வதைத்த பிறகே விற்கிறார்.

இந்த ஒரு முடிவுக்காக மட்டும், நம் நீர்நிலைகளில் கிடைக்கும் மீன்களை அவை மூச்சு விடும் விதத்தை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, ஜிலேபி ஆகியவை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுள் வழியாக எடுத்து வாழ்பவை. விரால், குறவை, பனையேறி, தேளி ஆகியவற்றுக்குச் செவுளோடு கூடக் காற்றை நேரடியாக உள்வாங்கும் உறுப்பும் உண்டு. விராலுக்குச் செவுளுக்கு மேலே ஒரு காற்றறை இருக்கிறது. பனையேறிக்கு அதே இடத்தில் மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. தேளிக்குச் செவுளிலிருந்து வாலை நோக்கி உடலுக்குள் நீளும் இரண்டு காற்றுப் பைகள் இருக்கின்றன. கோடையில் வற்றிச் சேறாகும் கண்மாயில் பிழைத்துக் கிடப்பதற்காக அமைந்த உறுப்புகள் இவை. வைகாசி வெயிலில் கண்மாயை அழித்து, அதாவது வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி, மீன் பிடிக்கும்போது, கெண்டையெல்லாம் மிதந்துவிட்ட பிறகும் ஊத்தா என்னும் மூங்கில் கூடைப் பொறிக்குள் விரால் முட்டி மோதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

செவுளால் மட்டும் மூச்சு விடும் மீனுக்கு ஒரு டிரம் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், பிறகு எந்த முறையையும் எடை போடுவது எளிதாகிவிடும். 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீர், முழுமையாகக் காற்றைக் கரைத்துக்கொண்ட நிலையில், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம் அளவுக்கு உயரும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லா, ரோகு போன்றவை திணறத் தொடங்குகின்றன. ஆகவே 100 லிட்டர் நீரில் மீன் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் அரை கிராமுக்கும் குறைவு. வலையில் துடித்துக் களைத்த ஒரு கிலோ கெண்டை, நம் ஊர் வெப்பத்தில், மணிக்குக் கால் கிராம் ஆக்சிஜனைத் தாராளமாகச் செலவழிக்கும். பத்துக் கிலோ மீனை அந்த 100 லிட்டரில் போட்டால் மணிக்கு இரண்டரை கிராம் வேண்டும். கையிருப்போ அரை கிராம்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்துவிடுகிறது. வண்டியைக் கிளப்பிப் பிரதான சாலைக்கு வருவதற்குள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்குவது இதனால்தான்.

வெப்பம் இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் கெடுக்கிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. எனவே நிழலும் குளிர்ச்சியும் எந்த முறைக்கும் பொதுவான முதல் தேவை.

ஆனால் எந்தப் பாத்திரம் என்று கேட்பதற்கு முன்பே மீனின் பாதி ஆயுள் தீர்மானமாகிவிடுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயிறு நிறையத் தின்ற மீன், தின்றதைக் கழித்து நீரைக் கெடுப்பதோடு, செரிமானத்துக்காகவும் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. ஆகையால் பிடிப்பதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். குட்டையை வற்றவிட்டுச் சேற்றில் இழுத்துப் பிடித்தால், சேறு செவுளில் அப்பிக்கொள்கிறது. அந்த மீனை எவ்வளவு ஆக்சிஜன் உள்ள நீரில் விட்டாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. வலையில் நெடுநேரம் துடித்த மீனின் தசையில் அமிலம் சேர்ந்துவிடுவதால், அப்போது நன்றாக நீந்துவதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து அது சாகிறது. உலர்ந்த கையாலும் உலர்ந்த சாக்காலும் தொடும்போது உடலின் மேலுள்ள வழவழப்பு போய், செதிலும் உதிர்கிறது; அந்த வழவழப்பே அதற்குக் கிருமியிலிருந்தும் நீர் உட்புகுவதிலிருந்தும் காவல். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் இந்தக் கையாளுதலைத் தாங்குவதில்லை. வெள்ளிக் கெண்டை வலையில் துள்ளியே பாதி செத்துவிடும். மிர்காலும் சாதாக் கெண்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பிடிக்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலையில் நீர் குளிர்ந்திருப்பதால் அதுதான் நல்ல நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் சரி. ஆனால் இரவு முழுவதும் பாசியும் மீனும் ஆக்சிஜனைச் செலவழித்த பிறகு, குட்டை நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பதும் அதே விடியலுக்குச் சற்று முன்னர்தான். பச்சை படர்ந்த குட்டையிலும், மேகமூட்டமாகக் காற்றில்லாமல் இருக்கும் நாளிலும், இருட்டோடு வலை இழுப்பது ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற மீனை மேலும் ஓடவைப்பதாகும். வெயில் ஏறி ஒரு மணி நேரம் பொறுத்து இழுப்பதே எங்கள் வழக்கம்.

இனி வழிகளை ஒப்பிடலாம். விற்பனை கரையிலேயே நடக்குமானால், ஹாப்பாவுக்கு இணையான வழி வேறில்லை. மூங்கில் கழிகளில் நான்கு மூலையையும் கட்டி, குட்டை நீருக்குள்ளேயே பெட்டிபோல் தொங்கவிடும் வலைத்துணிதான் ஹாப்பா; மீன் குஞ்சுப் பண்ணைகளில் குஞ்சுகளை அனுப்புவதற்கு முன் இதில் வைத்துத்தான் பட்டினி போட்டுப் பழக்குகிறார்கள். என் தாத்தா வீச்சு வலையோடு கண்மாயில் இறங்கும்போது, பிடித்த மீனைப் போடும் கூடையான பறியை இடுப்பில் கட்டி அதன் பாதி எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள்வார். ஹாப்பா அந்தப் பறியின் பெரிய வடிவம் என்று சொன்னால் பிழையில்லை. மீனுக்குப் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைக் குட்டையே செய்துவிடுவதால், மின்சாரமோ சிலிண்டரோ தேவையில்லை. முடிச்சில்லாத வலைத்துணியாக இருந்தால் செதில் உதிராது. நீர் ஆழமான பக்கத்தில், காற்று அலையடிக்கும் கரையில், நெருக்கம் குறைவாகக் கட்டினால் ஓரிரு நாள்கூட மீன் நன்றாக இருக்கும். குறைகளும் இல்லாமல் இல்லை: ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் துணியைக் கிழிக்கும், கொக்கும் நீர்க்காகமும் மேலே வந்து உட்காரும், இரவில் ஆள் காவல் வேண்டும். விடியலில் குட்டை முழுவதும் ஆக்சிஜன் குறையும்போது, வெளியே உள்ள மீன் நல்ல இடம் தேடிப் போகும். ஹாப்பாவில் நெருக்கமாக இருப்பது போக முடியாமல் முதலில் சாகும்.

விற்பனை வெளியூரில் என்றாலும் ஹாப்பாவை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. வலையிலிருந்து நேராக வண்டிக்கு ஏற்றாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஹாப்பாவில் ஓய்வெடுக்கவிட்டால், செவுளில் ஒட்டிய சேறு கழுவப்படுகிறது, குடல் காலியாகிறது, தசையின் அமிலம் வடிகிறது. பிழைக்க முடியாத மீனும் அங்கேயே தெரிந்துவிடுவதால் அதைப் பிரித்து ஐஸுக்கு அனுப்பிவிடலாம். அவசரத்தில் பெரும்பாலானோர் தவிர்ப்பது இந்த இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான்.

ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் செவுள் வழியாகக் கயிறு கோத்து மீனை நீரில் கட்டி வைப்பதும் உண்டு. செவுள் கிழிந்த மீன் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தாலும் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. அதைவிட ஓடும் நீரில் ஒரு வலைப்பை ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது டிரம். இருநூறு லிட்டர் நீல டிரம்மோ, சிறிய சின்டெக்ஸ் தொட்டியோ, குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக எளிது என்பதால் எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். வெறும் நீரை ஊற்றி மீனைப் போட்டு மூடினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டிவிடும். நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் கதை வேறு. வங்காளத்தில் மீன் குஞ்சு வியாபாரிகள் ஹண்டி என்னும் வாய் குறுகிய மண்பானையிலும், பிற்காலத்தில் அலுமினியப் பாத்திரத்திலும் குஞ்சுகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு, வழி நெடுகக் கையால் நீரை அடித்துக்கொண்டே போவார்கள். நீரின் மேற்பரப்பு ஓயாமல் புரளும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே கரைகிறது என்பதை அவர்களுடைய கை அறிந்திருந்தது. நீருக்குள் காற்றைக் குமிழாக விடும் இன்றைய பேட்டரி ஏரேட்டர் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். குமிழிலிருந்து நேராகக் கரைவதைவிட, குமிழ் மேலே வரும்போது கீழ் நீரை மேலே புரட்டுவதால் கிடைப்பதும் முக்கியமானது.

ஏரேட்டரின் வலிமையை மிகையாக மதிப்பிடுவது பரவலாக நடக்கும் தவறு. அலங்கார மீன் தொட்டிக்காகச் செய்த சிறிய பம்பு அனுப்பும் காற்றில் உள்ள ஆக்சிஜனில் மிகச் சிறு பங்கே, அந்த இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள் நீரில் கரைகிறது. மீதி மேலே வந்து போய்விடுகிறது. 150 லிட்டர் நீருக்கு இரண்டு பம்பு வைத்தாலும் ஐந்தாறு கிலோ கெண்டைக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. ஆக்சிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் பொருத்தி, நுண்துளைக் கல் வழியாக விட்டால் நிலைமை முற்றிலும் மாறும். தூய ஆக்சிஜனைத் தொடும் நீர், காற்றைத் தொடும் நீரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளக்கூடியது. நூறு கிலோவுக்கு மேல் தொடர்ந்து உயிர் மீன் விற்பவருக்குச் சிலிண்டர் செலவு கட்டுப்படியாகும். ஆண்டுக்கு இரண்டு முறை குட்டையை இழுப்பவருக்கு ஆகாது. சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, அருகில் பீடி சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்பதை வண்டியில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

டிரம்முக்குள் ஊற்றும் நீரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் வாழ்ந்த குட்டையின் நீரே நல்லது. சேறாக இருந்தால் பக்கத்துக் கிணற்று நீரை முதல் நாளே எடுத்துத் திறந்த தொட்டியில் நிறுத்தி வைத்துப் பயன்படுத்தலாம், ஏனென்றால் ஆழ்துளைக் கிணற்று நீர் வெளியே வரும்போது அதில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கக்கூடும். நகராட்சிக் குழாய் நீரை அப்படியே ஊற்றவே கூடாது. அதிலுள்ள குளோரின் செவுளை எரித்துவிடும். இரவு முழுவதும் திறந்து வைத்தோ, அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் தயோசல்பேட் மருந்தைக் கலந்தோதான் பயன்படுத்த வேண்டும். லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கல்லுப்பு, அதாவது 100 லிட்டருக்கு ஏறத்தாழ அரை கிலோவுக்கு மேற்படாமல், போடுவது பெரிய உதவி. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு இருக்கிறது. வெளியே உள்ள நீரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் நீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்க, மீன் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. களைத்த மீனுக்கு அந்த வேலைப் பளுவைக் குறைப்பதுதான் உப்பின் பயன். நீரைக் குளிர்விக்க ஐஸை நேராகப் போடாமல், தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்களை மூடியோடு மிதக்கவிட்டு நாலைந்து டிகிரி மெதுவாகக் குறைத்தால் போதும். டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி நனைத்துக்கொண்டே போனாலும் வெயிலின் கடுமை தணியும்.

டிரம்மில் நான் செய்த பெரிய தவறு விராலில்தான் நேர்ந்தது. ஒரு முறை இருபதுக்கு மேற்பட்ட விராலைக் காரைக்குடிப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தபோது, நீர் அதிகமாக இருந்தால் மீனுக்கு நல்லது என்று நினைத்து டிரம்மை விளிம்பு வரை நிரப்பி, துள்ளி வெளியே விழாமல் இருக்க மூடியை இறுக்கிப் பூட்டினேன். இறக்கும்போது பாதிக்கு மேல் செத்திருந்தன. அதே காலையில் பிடித்த நாலைந்து விராலை, இடம் போதவில்லை என்று ஒரு சட்டியில் கொஞ்சம் நீரில் போட்டு வலையால் மூடிக் கொண்டுவந்திருந்தோம். அவை எல்லாம் உயிரோடு இருந்தன. வளர்ந்த விரால் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாத மீன். அவ்வப்போது மேலே வந்து காற்றை எடுத்தாக வேண்டும். மேலே காற்றுக்கு இடமில்லாத டிரம்மில் அது நீரிலேயே மூழ்கிச் சாகிறது. அன்று நான் கொன்ற மீன்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஆகவே விரால், குறவை, பனையேறி, தேளி ஆகியவற்றுக்கு ஏரேட்டருக்கோ சிலிண்டருக்கோ செலவு செய்யத் தேவையில்லை. முதுகு மூழ்கும் அளவுக்கு நீர், அதற்கு மேல் நிறையக் காற்று, காற்று புகும் வலை மூடி, நிழல் ஆகிய நான்கும் போதும். ஈரச் சாக்கில் வைத்துக் கொண்டுபோவது பழைய வழி; ஓரிரு மணி நேரப் பயணத்துக்கு அது இன்றும் சரியானதே, ஆனால் சாக்கு காயவே கூடாது, மீனை அடுக்கடுக்காகக் குவிக்கவும் கூடாது. தோல் உலர்ந்தால் காற்றுறுப்பு இருந்தும் பயனில்லை. செவுள் காற்றில் வேலை செய்யாததால், உடலில் சேரும் அம்மோனியாவை வெளியேற்றவும் நீர் வேண்டும். அதனால் அரை நாளுக்கு மேல் என்றால் சாக்கைவிடப் பாதி நீருள்ள அகன்ற பாத்திரமே மேல். விரால் நெருக்கத்தில் ஒன்றையொன்று கடிக்கும் என்பதால், பெரியதையும் சிறியதையும் கலந்து போடக் கூடாது. தேளியைக் கையாள்கிறவர் அதன் மார்புத் துடுப்பிலுள்ள நஞ்சு முள்ளை மறக்க வேண்டாம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்திருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். மதுரைப் பக்கத்தில் பெரிதும் விரும்பப்படும் அயிரையும் அகன்ற சட்டியில், கொஞ்சம் நீரில் நன்றாகத் தாங்குகிறது. அது வாயால் காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். சந்தையில் நெடுநேரம் உயிரோடு துள்ளும் பெரிய கெளுத்தி பலவும் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதுவும் காற்றை மூச்சாக எடுப்பதால் எந்த வதையையும் தாங்கும். ஆனால் இந்தியாவில் அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது, தப்பி நீர்நிலைக்குள் போனால் நம் நாட்டு மீன்களைத் தின்றுவிடும்.

ஆக்சிஜன் பை, மீன் குஞ்சு வாங்கி வந்தவர்கள் எல்லோரும் அறிந்த முறை. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்பி, வாயை முறுக்கிக் கட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைப்பார்கள். கணக்குப்படி பார்த்தால் இது அசாத்தியமான முறை: 5 லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 40 மில்லிகிராமைத் தாண்டாது, ஆனால் அதற்கு மேலே உள்ள 10 லிட்டர் ஆக்சிஜனின் எடை 13 கிராம் அளவுக்கு வரும். ஒரு கிலோ கெண்டைக்கு இரண்டு நாள் மூச்சு அது. ஆனாலும் இரண்டு நாள் அந்த மீன் பிழைக்காது, ஏனென்றால் மூடிய பையில் ஆக்சிஜன் தீருவதற்கு வெகு முன்பே கரியமில வாயுவும் அம்மோனியாவும் சேர்ந்துவிடுகின்றன. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கரியமில வாயு நீரை அமிலத்தன்மை ஆக்குவதால், சேர்ந்த அம்மோனியாவில் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவத்தில் அடங்கி இருக்கிறது. பையைத் திறந்து, மீன் ஆசுவாசப்படட்டும் என்று அதே நீரில் ஏரேட்டர் போட்டால், கரியமில வாயு வெளியேறி நீரின் அமிலத்தன்மை குறைய, அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிறது. வழியெல்லாம் உயிரோடு வந்த மீன் திறந்த பிறகு சாவது இதனால்தான். கட்டிய பையைக் கட்டியபடியே சேரும் நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒன்றான பிறகு திறந்து, உடனே மீனைப் புது நீருக்கு மாற்றி, பழைய நீரைக் கொட்டிவிட வேண்டும்.

சமையலுக்கான பெரிய மீனுக்கு இந்தப் பை பொருந்துவதில்லை. ஜிலேபியின் முதுகு முள்ளும் கெளுத்தியின் முள்ளும் பையைக் குத்திவிடும், இரட்டைப் பை போட்டாலும் உத்தரவாதமில்லை; ஒரு கிலோ மீனுக்கு ஒரு பெரிய பை என்றால் வண்டியில் இடமும் போதாது. குஞ்சுக்கும், இனப்பெருக்கத்துக்காக ஓரிரண்டு தாய் மீனைத் தொலைவுக்குக் கொண்டுபோவதற்கும் மட்டுமே நான் இதைப் பரிந்துரைப்பேன். சிலர் கிராம்பு எண்ணெயை நீரில் கலந்து மீனை மயக்கிக் கொண்டுபோகிறார்கள். உடனே சமைக்கப்படப்போகும் மீனுக்கு அதைச் செய்யக் கூடாது.

கடைசி வழியைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள்: அங்கேயே கொன்று ஐஸில் வைப்பது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆந்திரத்தின் கொல்லேறுப் பகுதியில் வளரும் கட்லாவும் ரோகுவும் ஐஸ் போட்ட பெட்டிகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கொல்கத்தாவுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் போகின்றன. நன்னீர் மீனுக்குப் பேர்போன வங்காளிகளின் அடுப்பிலேயே அவை ஏறுகின்றன. மூன்று மணி நேரம் சூடான டிரம்மில் மூச்சுத் திணறி, கடைசியில் செத்த ரோகுவின் தசையில் சக்தியெல்லாம் தீர்ந்து அமிலம் ஏறியிருப்பதால், அது சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் கெடுகிறது, சதையும் தளர்ந்துவிடுகிறது. பிடித்த உடனே கொன்று ஐஸில் வைத்த ரோகு மறுநாளும் அதைவிட நன்றாக இருக்கும். வாங்குபவர் பார்வையில் முன்னது சற்று முன்புவரை உயிரோடு இருந்த மீன், பின்னது ஐஸ் மீன். இந்த எண்ணத்தை மாற்றுவது கடினம் என்றாலும், தெரிந்த வாடிக்கையாளர்களிடம் இரண்டையும் சமைத்துப் பார்க்கச் சொல்லி நான் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கொல்வதையும் முறையாகச் செய்ய வேண்டும். கரையில் போட்டுத் துடிக்க விடுவது மீனுக்கும் வதை, சதைக்கும் கேடு. கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையின் மேல் கனமான மரக்கட்டையால் ஒரே அடி அடித்து நினைவிழக்கச் செய்து, உடனே செவுளை அறுத்துக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் இரத்தம் வடியவிட வேண்டும். விராலையும் தேளியையும் அடிக்காமல் ஐஸில் போட்டால் அவை வெகு நேரம் உயிரோடு கிடந்து வதைபடும். பிறகு தெர்மாகோல் பெட்டியில் கீழே ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் ஐஸ் என்று, மீனின் எடைக்குச் சமமான எடையில் உடைத்த ஐஸை அடுக்கி, உருகும் நீர் வெளியேற அடியில் ஒரு துளை வைத்தால் போதும். இருபது கிலோ மீனுக்கு இருபது கிலோ ஐஸை முன்கூட்டியே வாங்கி வைக்காமல் வலை இழுப்பவர், உயிரோடு வைத்திருக்க முடியாத மீனை என்ன செய்வார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் வைத்து, முப்பது நாற்பது கிலோ மீனை ஒரே காலையில் பிடிக்கும் எங்களைப் போன்ற சிறு விவசாயிக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கும் ஏற்பாடு இது. வலையிலிருந்து வரும் எல்லாக் கெண்டையும் முதலில் ஹாப்பாவுக்குப் போகும். கரைக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிறோம். கட்லாவையும் வெள்ளிக் கெண்டையையும் வண்டியில் உயிரோடு ஏற்ற முயல்வதே இல்லை. கரையில் விற்காமல் மீந்தவை காலை ஒன்பது மணிக்குள் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். சாதாக் கெண்டை, மிர்கால், ஜிலேபி ஆகியவற்றில் முன்பே சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் சேரும் தூரமாக இருந்தால், உப்புப் போட்ட நீரும் ஏரேட்டரும் உள்ள டிரம்மில் ஐந்தாறு கிலோவுக்கு மிகாமல் அனுப்புகிறோம். அரை மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதா என்று பார்க்கும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம். திறக்கத் தொடங்கினால் பாதி நீரை மாற்ற ஒரு கேனில் நல்ல நீரும் கூடவே போகிறது. விராலுக்குப் பழைய வாய் அகன்ற அண்டா ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். அதில் கால் பங்கு நீரும், மேலே இறுக்கிக் கட்டிய வலையும் போதுமானதாக இருக்கின்றன. வருகிற மாசியில் குட்டையை இழுக்கும்போது இன்னொரு ஹாப்பாவைக் கூடுதலாகக் கட்டி, வலையில் காயம்பட்ட மீனை முதலிலேயே பிரித்துவிடலாம் என்று நினைக்கிறோம்.